அண்ணன் என்று ஒரே ஒரு தடவை

உப்பளத்தில் வேலை செய்கிற மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை போட நேரம் ஏது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நேரமெல்லாம் தாராளமாக இருக்கிறது. தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் எதிரெதிரே வரும்போதே போட்டுக்கொள்வார்கள். போகும்போது ஒரு பேச்சு, திரும்பும்போது அதற்குப் பதில். மரக்காணம் அளத்தில் தையல்நாயகியும் அவள் மருமகள் மலர்கொடியும் இரண்டு வருஷமாக அப்படித்தான் குடும்பம் நடத்தினார்கள்.

"நேத்து கொழம்புல உப்பு கம்மிடி" என்பாள் தையல்நாயகி, பாத்திக்கு இறங்கும்போது.

கூடையைக் கரையிலிருந்த உப்பு அம்பாரத்தில் கொட்டிவிட்டுத் திரும்புகிற மலர்கொடி, "உப்பு சரியாத்தான் இருந்துச்சு அத்த. உங்க நாக்குதான் இங்க ஊறிப்போய்க் கெடக்குது" என்பாள்.

உப்பு அள்ளுகிற மற்ற பெண்கள் சிரிப்பார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பது எதிர் வீட்டுப் பாப்பாத்தி. தையல்நாயகி முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வாள். உள்ளுக்குள் அவளுக்கும் சிரிப்புத்தான்.

மலர்கொடி பெருமுக்கல் பக்கத்து விவசாயக் குடும்பம். மணிலாக்கொட்டை பிடுங்கத் தெரியும், நெல் தூற்றத் தெரியும். உப்பைப் பொட்டலத்தில்தான் பார்த்திருக்கிறாள். கல்யாணமாகி வந்த புதிதில், முதல் நாள் பாத்தியில் இறங்கியதுமே உப்பு கீறிக் கால் வெடித்து, அந்த வெடிப்பில் உப்புத் தண்ணீர் இறங்கியது. அனுபவித்தவர்களுக்குத் தெரியும், அது கண்ணில் மிளகாய் போட்ட எரிச்சல். இந்தப் பெண் மூன்றாம் நாள் ஓடிவிடும் என்று தையல்நாயகி பாப்பாத்தியிடம் பந்தயமே கட்டினாள். மூன்றாம் நாள் மலர்கொடி காலில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிக்கொண்டு வந்து, மற்றவர்களுக்குச் சமமாகக் கூடை எடுத்தாள். அடுத்த வாரம் பாதிப் பெண்கள் காலில் டியூப் இருந்தது. தையல்நாயகி காலிலும் இருந்தது. நல்லாயிருக்குதுடி என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு ஏறிவிடும் என்று நினைத்தாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில்தான் அந்த மார்கழியில் சுனாமி வந்தது. உயிர்ச்சேதம் அவர்கள் வீட்டில் இல்லை. ஆனால் ஓடை வழியாக ஏறிய கடல், பாத்திகளையெல்லாம் சேற்றால் மூடிவிட்டுப் போனது. தை, மாசி முழுக்கச் சேறு வாரினார்கள். பங்குனியில்தான் மறுபடி தரையை மிதித்துக் கெட்டிப்படுத்தித் தண்ணீர் கட்ட முடிந்தது. சித்திரை பிறந்தும் உப்பு கறுப்பாகத்தான் இறங்கியது. வாரத்தில் மூன்று நாள் வேலை, நான்கு நாள் வானத்தைப் பார்ப்பது.

தையல்நாயகியின் மகன் சதீஷுக்கு அப்போது இருபத்தாறு வயது. பாத்தியில் மரப்பலகை போட்டு உப்பு இழுக்கிறவன். நல்ல பையன்தான். கொஞ்சம் ஆசைக்காரன். வேலை இல்லாத நாட்களில் ஆரோவில் பக்கம் தோட்ட வேலைக்குப் போனான். அங்கேதான் சிங்காரம் என்கிற புரோக்கரைப் பிடித்தான், அல்லது சிங்காரம் இவனைப் பிடித்தான்.

சிங்காரம் ஒரு நாள் வீட்டுக்கே வந்தான். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ரெக்ஸின் பை. வந்ததும் வராததுமாக, "அம்மா, உங்க புள்ளைக்கு பிரான்ஸ் யோகம் அடிச்சிருக்குது" என்றான்.

விஷயம் இதுதான். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இருக்கின்றன அல்லவா, தாத்தா காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள். அப்படி ஒரு வீட்டுப் பெண், மேரிசெல்வி என்று பெயர், பிரான்சில் வேலை பார்க்கிறவள், லீவில் வந்திருக்கிறாள். சதீஷ் அவளைப் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டியது. அவள் புருஷன் என்று விசா கிடைக்கும். அங்கேயே தங்குகிறதுக்கான கார்டு கைக்கு வந்ததும் விவாகரத்து. அப்புறம் மலர்கொடியை முறைப்படி கட்டி அழைத்துக்கொள்ளலாம்.

"ஏற்கெனவே கட்டினவள இன்னொரு தடவ எதுக்குய்யா கட்டணும்?" என்றாள் தையல்நாயகி.

"எங்கம்மா கட்டினான்? பேப்பர் இருக்குதா? ரேஷன் கார்டுல பேர் இருக்குதா? மல மேல தாலி கட்டினதெல்லாம் சாமிக்குத் தெரியும், சர்க்காருக்குத் தெரியாது. சர்க்கார் கணக்குல உங்க புள்ள இன்னும் பிரம்மச்சாரி."

அது உண்மைதான். பெருமுக்கல் மலைக்கோயிலில் நடந்த கல்யாணத்தை யாரும் பதியவில்லை. அந்தப் பக்கத்தில் யார் பதிகிறார்கள்? அப்பா வீட்டுக் கார்டிலிருந்து மலர்கொடியின் பெயரை எடுக்கத் தாலுக்கா ஆபீசுக்கு இரண்டு தடவை அலைந்து, அப்புறம் விட்டுவிட்டார்கள். பேப்பர் இல்லாத கல்யாணம் கல்யாணமே இல்லை என்று சிங்காரம் சொன்னபோது, சதீஷுக்கு அது பெரிய சட்ட ஞானமாகத் தெரிந்தது. திண்டிவனத்தில் ஒரு நோட்டரி முன்னால், தனக்கு இதுவரை திருமணம் ஆகவில்லை என்று முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தும் விட்டான். தையல்நாயகிக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் மகன் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. வாயை மூடிக்கொண்டாள். பெற்றவளின் அந்தப் புத்திக்கு என்ன பெயர் வைப்பது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

மலர்கொடிக்கு அப்போது ஐந்து மாதம்.

சித்திரைக் கடைசியில் சிங்காரம் மறுபடி வந்தான். மாப்பிள்ளை கல்யாணமாகாதவன்தானா என்று விசாரிக்கப் பாண்டிச்சேரியில் இருக்கிற பிரெஞ்சுத் தூதரக ஆபீஸ் சார்பில் ஒரு வக்கீல் வருவார், எல்லாரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்றான். மலர்கொடியைப் பார்த்து, "நீ இவுங்க பொண்ணு. சதீஷோட தங்கச்சி. புருஷன் துபாய்ல இருக்கிறான். புள்ளத்தாச்சியா இருக்கிறதால அம்மா வூட்டுக்கு வந்திருக்கிற. புரியுதா?" என்றான்.

மலர்கொடி கருவாடு அலசிக்கொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு, "துபாய்ல இருக்கிற அந்தாளு பேரு இன்னாங்க?" என்றாள்.

"யாரு?"

"எம் புருஷன்."

சிங்காரம் யோசித்தான். "தனகோடின்னு வெச்சுக்க."

"தனகோடி நல்லவரா? குடிப்பாரா? மாசாமாசம் பணம் அனுப்பறாரா?"

தையல்நாயகிக்குச் சிரிப்பு பீறிட்டது. சதீஷ் முறைத்தான். "வெளையாடாத மலரு. எல்லாம் யாருக்காகப் பண்றேன்? ஒனக்கும் புள்ளைக்கும்தான? ஒரு தடவ சொல்லிக் காட்டு. வக்கீல் கேக்கறாரு, சதீஷ் உனக்கு இன்னா வேணும்? சொல்லு, அண்ணன்."

"சொல்லமாட்டேன்."

"இன்னாத்துக்கு?"

"ஒத்திகைக்கெல்லாம் சொல்ற வார்த்தையா அது?" மலர்கொடியின் குரல் ஏறவே இல்லை. "சொன்னா ஒரே ஒரு தடவதான் சொல்லுவேன், அந்த வக்கீல் முன்னால. சொல்லணும்னு நீங்க கேட்டா சொல்றேன். ஆனா சொன்னது சொன்னதுதான். அதுக்கப்பறம் நீங்க எனக்கு அண்ணன். அண்ணன்னு வாயால சொன்ன ஆம்பள கூட எந்தப் பொம்பள குடித்தனம் பண்ணுவா? புள்ளைக்கு நீங்க தாய்மாமன். காது குத்தறப்ப மடியில உக்கார வெச்சுக்கலாம். வேற ஒண்ணும் கெடையாது."

சதீஷ் சிரித்துவிட்டான். சிங்காரமும் சிரித்தான். தையல்நாயகி சிரிக்கவில்லை.

அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு அந்த வார்த்தையின் கனம் தெரியும். பின்னாலேயே சுற்றுகிற பையனைத் துரத்தச் செருப்பெல்லாம் வேண்டாம், நின்று திரும்பி "இன்னாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அவன் கதை முடிந்தது. முறைப்பையனை விளையாட்டுக்குக்கூட அண்ணன் என்று கூப்பிட மாட்டார்கள். யாராவது குழந்தை தெரியாமல் கூப்பிட்டால் வாயில் ஒரு தட்டு விழும். அதுவும் இவள் மலர்கொடி. சொன்னால் செய்கிறவள். தையல்நாயகி அன்று மாலை மகனைத் தனியாகக் கூப்பிட்டு, "டேய், அவ வெளையாட்டுக்குச் சொல்லலடா" என்றாள்.

"சும்மா மெரட்டறாமா. பிரான்ஸ்லேர்ந்து சம்பளம் வந்தா எல்லாம் மறந்துடும்" என்றான் சதீஷ்.

வக்கீல் வியாழக்கிழமை வருவார் என்று சிங்காரம் சொல்லியிருந்தான். அவர் புதன்கிழமையே வந்துவிட்டார். வீடு பூட்டியிருக்கவே, யாரோ அளத்துக்குக் கையைக் காட்டிவிட்டார்கள். காலை ஒன்பதரை மணி. அக்கினி வெயில். கறுப்பு ஷூ போட்ட ஒரு பெரிய மனிதர் ஒற்றை வரப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு தடுமாறி வருவதைப் பார்த்து, பெண்கள் கூடையை நிறுத்தினார்கள்.

"தையல்நாயகி யாரும்மா?" என்றார். "எம் பேரு தட்சணாமூர்த்தி. பாண்டிச்சேரி வக்கீல். பையன் விஷயமா விசாரிக்க வந்திருக்கிறேன்."

அளத்தில் அத்தனை பேருக்கும் மலர்கொடி யாரென்று தெரியும். முந்தின வாரமே சிங்காரம் வந்து, யாரும் காட்டிக் கொடுத்துவிடக் கூடாது என்று எல்லார் காலிலும் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டு போயிருந்தான். அதனால் பாப்பாத்தி உட்பட எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். சதீஷ் பாத்தியிலிருந்து பலகையோடு ஏறி வந்தான்.

தட்சணாமூர்த்தி அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு கேட்டார். "உங்க பையனுக்கு இதுக்கு முன்ன கல்யாணம் ஆயிருக்குதாம்மா?"

"இல்லீங்க."

"இந்தப் பொண்ணு?"

"எம் பொண்ணுங்க" என்றாள் தையல்நாயகி. சொல்லிவிட்டாள். இவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்துவிடும் என்று அவளே நினைக்கவில்லை.

வக்கீல் எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ரேகை வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். எல்லார்கிட்டயும் சொல்றதுதான், தப்பா நெனைக்காதீங்க. விசாவுக்காகப் பண்ற பொய்க் கல்யாணம்னு பின்னால தெரிஞ்சா, பிரான்ஸ் சட்டத்துல அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில், பெரிய அபராதம். பையனத் திருப்பி அனுப்பிடுவாங்க. அந்தப் பொண்ணும் மாட்டும். இங்க ஏற்கெனவே ஒரு பொண்டாட்டி இருந்து மறைச்சிருந்தா, நம்ம ஊர்லயும் கேஸ் இருக்குது. கோயில்ல முறைப்படி தாலி கட்டினது பதியலன்னாலும் கல்யாணம்தான். அப்பறம், தெரிஞ்சே பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டவங்களையும் கேஸ்ல சேப்பாங்க. அம்மா, தங்கச்சின்னு பாக்கமாட்டாங்க" என்றார்.

சிங்காரம் விமானத்தைப் பற்றிச் சொன்னான், கார்டைப் பற்றிச் சொன்னான். இதைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னதைத் திருப்பி வாங்கிவிடலாமா என்று பார்த்தாள் தையல்நாயகி. ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் ஜெயில்.

"நீ படிச்ச பொண்ணாட்டம் தெரியுது. நீயே மொதல்ல போடும்மா" என்று வக்கீல் அட்டையை மலர்கொடியிடம் நீட்டினார். "சதீஷ் உனக்கு இன்னா வேணும்? வாயால சொல்லிட்டுக் கையெழுத்துப் போடு."

மலர்கொடி தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். பேனாவை வாங்கினாள். வக்கீலைப் பார்க்கவில்லை. சதீஷைப் பார்த்து, "சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான் கேட்டாள். அத்தனை பேருக்கும் கேட்டது. தையல்நாயகி மகன் வாயையே பார்த்தாள். வேண்டாம்னு சொல்லுடா பாவி, வேண்டாம்னு சொல்லு.

சதீஷ் பலகையின் பிடியைத் தேய்த்துக்கொண்டு நின்றான். "இன்னா யோசன? போடு" என்றான். வக்கீல் பார்க்கிறாரே என்று சத்தமாக வேறு சொன்னான். "போடு மலரு."

போச்சு என்று நினைத்தாள் தையல்நாயகி. சொல்லிவிடுவாள். சொன்னால் சொன்னதுதான். இன்று சாயங்காலம் வீட்டில் இவள் இருக்கமாட்டாள்.

மலர்கொடி பேனாவை மூடினாள். "சார், நான் சொல்றதுக்கு முன்ன, மேல அவங்க சொன்னத அடிச்சிடுங்க. அவங்க எங்கம்மா இல்ல. எங்க மாமியா. புள்ள கேட்டுட்டானேன்னு சொல்லிட்டாங்க, அவங்கள எதுலயும் சேக்காதீங்க. இவரு எம் புருஷன். ரெண்டு வருஷத்துக்கு முன்ன பெருமுக்கல் மல மேல ஊரக் கூட்டித் தாலி கட்டினாரு. பேப்பர் இல்ல. வயித்துல இருக்கிறது இவரு புள்ள. துபாய்ல எனக்கு யாரையும் தெரியாது. எழுதிக்குங்க, இதுக்குக் கையெழுத்துப் போடறேன்."

பாப்பாத்தி அடக்கமுடியாமல், "நாங்க சாட்சிங்க சார்! கல்யாணத்துல நாங்கல்லாம் சாப்ட்டோம். சாம்பாருல உப்பே இல்ல!" என்று கத்தினாள். நான்கைந்து பெண்கள் சிரித்துவிட்டார்கள். அழுதவர்களும் இருந்தார்கள்.

தட்சணாமூர்த்தி எழுதியிருந்ததைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். மலர்கொடி சொன்னதை எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினார். அப்புறம் சதீஷிடம், "பாத்தது, கேட்டது எல்லாத்தையும் எழுதத்தான் போறேன் தம்பி. நாளைக்குக் காலைல ரிப்போர்ட் போயிடும். அதுக்குள்ள நீயா ஆபீசுக்குப் போயி, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, குடுத்த அபிடவிட் பொய்யி, வாபஸ் வாங்கிக்கறேன்னு எழுதிக் குடு. கேஸே வராதுன்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா அந்தக் கல்யாணம் இன்னும் நடக்கல. இதுவே நடந்து முடிஞ்சப்பறம்னா உன்ன யாராலயும் காப்பாத்த முடியாது" என்றார். போகிறபோது மலர்கொடியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். வரப்பில் வழுக்கி விழாமல் கரை சேர்ந்தார்.

சதீஷ் பலகையை வீசியெறிந்துவிட்டு மறுபக்கமாக நடந்தான். எங்கே போகிறான் என்று சொல்லவில்லை. பாண்டிச்சேரி பஸ்ஸுக்கா, சிங்காரத்திடமா, சாராயக் கடைக்கா, யாருக்குத் தெரியும்.

மலர்கொடி சும்மாட்டைத் தலையில் வைத்தாள். மிச்சமிருந்த கூடைகளைத் தூக்கி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

வந்ததும் குளித்தாள். கூழ் கரைத்து மாமியாருக்கு ஒரு சொம்பு, தனக்கு ஒரு சொம்பு ஊற்றினாள். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய். குடித்து முடித்து, மஞ்சள் பையை எடுத்துத் தன் துணிகளை மடித்து வைத்தாள்.

"பொழுது சாயறதுக்குள்ள எழுதிக் குடுத்துட்டு வந்தாருன்னா இருக்கிறேன் அத்த. இல்லன்னா கடைசி பஸ்ஸுல எங்க வூட்டுக்குப் போறேன். போடுன்னு சொன்னாரு பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்" என்றாள் தையல்நாயகி. போகாதே என்று எந்த முகத்தோடு சொல்வது? எழுந்து போய், கொடியில் கிடந்த தன் இரண்டு புடவைகளை எடுத்து வந்து அதே பையில் திணித்தாள்.

"இன்னா அத்த இது?"

"நீ போயிட்டா நான் மட்டும் அந்தப் பயலுக்கு வடிச்சுக் கொட்டிக்கிட்டு இருப்பனா? பெருமுக்கல்ல எனக்கும் ஒரு வேள கூழ் ஊத்தமாட்டாங்களா உங்கம்மா?"

மலர்கொடி அன்று முதல் தடவையாகக் கண் கலங்கினாள். தையல்நாயகி அதைப் பார்க்காததுபோல் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கேயே பார்த்தபடி கேட்டாள்.

"ஏன்டீ, நான் ஜெயிலுக்குப் போயிடுவேன்னுதான சொன்ன? எனக்காகத்தான?"

மலர்கொடி மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். "இல்ல அத்த. எனக்காகத்தான் சொன்னேன். உங்கள சாக்கா வெச்சுக்கிட்டேன்."

தையல்நாயகி பெருமூச்சு விட்டாள். "அப்பாடா. இல்லன்னா காலத்துக்கும் உனக்கு அடங்கிக் கெடக்கணுமேன்னு பயந்துட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கும்போது தையல்நாயகிக்கு மனசு நிறைந்துபோனது. மலர்கொடியின் இந்த இருபத்திரண்டு வயதில் புருஷன் எதைச் சொன்னாலும் தலையாட்டினாள் அவள். அத்தனை பேர் நடுவில், சர்க்கார் காகிதத்தை வைத்துக்கொண்டு, பேனாவை மூடுகிற தைரியம் அவளுக்குக் கிடையாது. யாருக்கு இருந்தது? "நீ பெரிய ஆளுடி" என்று வாய்விட்டே சொன்னாள். தலைக்கு ஏறினால் ஏறிவிட்டுப் போகட்டும்.

வெயில் தாழ்ந்தது. இரண்டு பஸ் போயிற்று. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருக்கும்போது சதீஷ் வந்தான். சட்டையில் இரண்டு பட்டன் இல்லை. வாசலுக்கு வெளியிலேயே நின்றான்.

"எழுதிக் குடுத்துட்டேன்" என்றான் அம்மாவிடம், தலையைக் குனிந்தபடி. "பாண்டி ஆபீஸ்ல ஸ்டாம்ப் போட்டுக் குடுத்தாங்க, இதோ காப்பி. மறுபடி கூப்புட்டு விசாரிப்பாங்களாம். சிங்காரம் பஸ் ஸ்டாண்டுல சட்டையப் புடிச்சிட்டான்." எட்டி உள்ளே பார்த்தான். பை வாசற்படி அருகில் கட்டித் தயாராக இருந்தது. "உள்ள வரலாமான்னு கேளும்மா."

தையல்நாயகி வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு அத்த வந்திருக்கிறது?"

ஒரு கணம் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தெரியலியே மலரு. யாரோ ஆம்பள."

"யாருன்னு கேளுங்க."

"ஏம்பா, யாரு நீ?"

"அம்மா!"

"என்னக் கேக்கல, உன்னக் கேக்கறா. சொல்லு."

தெருவில் விளக்கு வைக்கிற நேரம். எதிர் வீட்டில் பாப்பாத்தி, முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். குழாயடியில் நின்ற பெண்களும் திரும்பினார்கள். சதீஷ் சுற்றிலும் பார்த்தான். தொண்டையைச் செருமினான். என்னவோ முணுமுணுத்தான்.

"காதுல விழல" என்றாள் மலர்கொடி உள்ளேயிருந்து. "காலைல போடுன்னு சொன்னப்ப நல்லா சத்தமாத்தான இருந்துச்சு?"

சதீஷ் அழுதுவிட்டான். அழுதுகொண்டே, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "உம் புருஷன்டீ! நான் உம் புருஷன்!" என்றான்.

உள்ளே தட்டு எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப இன்னாத்துக்கு வெளிய நிக்கிறாரு?" என்றாள் மலர்கொடி. "கைகால கழுவிட்டு வரச் சொல்லுங்க, சோறு ஆறுது."